டிராவல் டிரெய்லர் வாங்குமுன்: கட்டுமானத் தரமும் விலையும் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்காவில் குடும்பத்தோடு தேசியப் பூங்காக்களுக்குப் போய்வரும் தமிழர் பலர், சொந்தமாக ஒரு டிராவல் டிரெய்லர் வாங்கலாமா என்று ஒரு கட்டத்தில் யோசிக்கத் தொடங்குகிறார்கள். பிக்கப் டிரக் அல்லது பெரிய எஸ்யூவியின் பின்னால் கோத்து இழுத்துச் செல்லும் இந்தச் சக்கர வீட்டில் படுக்கை, அடுப்பு, கழிவறை எல்லாம் உண்டு. மிச்சிகனில் வசிக்கும் நாங்கள் இதுவரை 2 டிரெய்லர்களை வாங்கிப் பயன்படுத்தியிருக்கிறோம். முதலாவதில் பட்ட பாடுதான் இந்தப் பக்கத்தை எழுதவைத்தது. நண்பர்கள் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகளையே இங்கே எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

ஒரே நீளமுள்ள 2 டிரெய்லர்களில் ஒன்று 22,000 டாலர், மற்றொன்று 45,000 டாலர். உள்ளே பார்த்தால் பெரிய வேறுபாடு தெரியவில்லையே, ஏன்?

வேறுபாடு கண்ணுக்குத் தெரியாத இடங்களில் இருக்கிறது. சுவருக்குள் என்ன சட்டம், கூரைப் பலகை எவ்வளவு தடிமன், அச்சு எத்தனை பவுண்டு தாங்கும், தண்ணீர்த் தொட்டிகளைச் சுற்றி என்ன காப்பு என்பவைதான் தயாரிப்புச் செலவை ஏற்றுகின்றன. மின்சாரக் கணப்பு, பெரிய தொலைக்காட்சி, பளிங்கு போலத் தோன்றும் சமையல் மேடை போன்றவை தயாரிப்பாளருக்கு அதிகச் செலவு வைப்பதில்லை. ஆனால் காட்சியகத்தில் நுழைந்தவுடன் மனத்தைக் கவர்பவை அவைதான். அதனால் விலை குறைந்த டிரெய்லரும் உள்ளே செழிப்பாகவே தோன்றும்.

இன்னொரு காரணமும் உண்டு. அமெரிக்காவில் விற்கப்படும் இத்தகைய வண்டிகளில் மிகப் பெரும் பகுதி இந்தியானா மாநிலத்தின் எல்க்ஹார்ட் வட்டாரத்தில்தான் உருவாகிறது. அங்குள்ள தொழிற்சாலைகள் பலவற்றில் தொழிலாளருக்கு மணிக்கணக்கில் அல்லாமல், முடித்த வண்டிகளின் எண்ணிக்கையைக் கொண்டு கூலி தரும் வழக்கம் இருக்கிறது. வேகம் கூடினால் வருமானம் கூடும் என்ற நிலையில், ஒரு திருகாணி சட்டத்தில் பிடிக்காமல் போனாலும், நீர் புகாமல் இடுக்குகளை அடைக்கும் சீலன்ட் ஓரிடத்தில் விட்டுப்போனாலும் நின்று சரிசெய்ய நேரம் கிடைப்பதில்லை. கொரோனா காலத்தில் தேவை உச்சத்திற்குப் போய் 2021ஆம் ஆண்டில் மட்டும் 6,00,000 வண்டிகளுக்கு மேல் அனுப்பப்பட்டன. 2023இல் அது ஏறத்தாழ 3,13,000 ஆகக் குறைந்தது. உச்சகட்ட அவசரத்தில் செய்யப்பட்ட 2021, 2022 மாதிரிகளைப் பிறர் பயன்படுத்திய பின் வாங்கும்போது இரட்டிப்புக் கவனத்தோடு பார்க்கும்படி நான் எல்லோருக்கும் சொல்லிவருகிறேன்.

மரச்சட்டத்தின் மேல் தகடு அடித்த சுவர், லேமினேட் சுவர் என்று 2 வகை சொல்கிறார்களே, எது நல்லது?

முதல் வகையில் ஒன்றரை அங்குல மரச்சட்டங்களைக் கூடுபோல் அடித்து, இடையில் கண்ணாடிக் கம்பளியை நிரப்பி, வெளியே நெளிந்த அலுமினியத் தகட்டைப் பொருத்துவார்கள். விலை குறைவு. தகடு நசுங்கினால் அந்த ஒரு பட்டையை மட்டும் கழற்றி மாற்றலாம்; ஓரளவு தச்சு வேலை தெரிந்தவர் உளுத்த சட்டத்தையும் தாமே மாற்றிவிட முடியும். குறை என்னவென்றால், தகட்டுக்குள் நீர் புகுந்தால் வெளியே ஓர் அடையாளமும் காட்டாது. மரம் ஆண்டுக்கணக்கில் உள்ளுக்குள் இற்றுக்கொண்டே இருக்கும்.

இரண்டாம் வகையில் அலுமினியக் குழாய்ச் சட்டத்தின் இடைவெளிகளில் தெர்மாகோல் பாளங்களை வைத்து, இருபுறமும் லுவான் என்னும் மெல்லிய பிளைவுட்டை ஒட்டி, வெளியே பளபளப்பான ஃபைபர்கிளாஸ் தாளை ஒட்டி, வெற்றிட அழுத்தத்திலோ உருளைகளுக்கு இடையிலோ ஒரே பலகையாக்கிவிடுவார்கள். பார்வைக்கு அழகு, கழுவ எளிது, காப்பும் பொதுவாக மேல். ஆனால் சன்னல் ஓரமாகவோ விளக்கின் திருகாணித் துளை வழியாகவோ நீர் புகுந்து லுவானை அடைந்துவிட்டால், பசை விட்டுப்போய்ச் சுவர் அப்பளம்போல் உப்பிக்கொள்ளும். அதைச் சரிசெய்வதென்றால் முழுப் பலகையையும் மாற்ற வேண்டும். ஆயிரக்கணக்கான டாலர் ஆகும், பழைய வண்டியாக இருந்தால் அதன் விலையையே தாண்டிவிடும்.

லுவானுக்குப் பதிலாக அஸ்டெல் என்ற நீர் உறிஞ்சாத கலப்புப் பலகையைச் சில தயாரிப்பாளர்கள் பயன்படுத்துகிறார்கள். இது பாலிபுரொப்பிலீனும் கண்ணாடி இழையும் கலந்தது. உளுக்காது, எடையும் குறைவு. புதிதாக வாங்கி 10 ஆண்டுகள் வைத்துக்கொள்ள நினைப்பவர் இதற்குக் கொடுக்கும் கூடுதல் பணம் வீண்போகாது. ஆனால் அஸ்டெல் சுவர் என்று விளம்பரம் செய்யும் வண்டியிலும் தரைக்கும் கூரைக்கும் மரப்பலகையே இருக்கலாம், சில வேளை உட்புறச் சுவருக்கு லுவானே இருக்கலாம். எந்தெந்தப் பகுதிகளில் அது இருக்கிறது என்று எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். பழைய டிரெய்லரை வாங்கித் தாமே பழுதுபார்க்கும் துணிவுள்ளவருக்கு நான் மரச்சட்ட வகையையே சொல்வேன்.

கூரையில் எதைப் பார்க்க வேண்டும்?

டிரெய்லரின் ஆயுளைத் தீர்மானிப்பது கூரைதான் என்பது என் உறுதியான கருத்து. ஆகவே இதற்குக் கொஞ்சம் நீளமாகவே பதில் சொல்கிறேன்.

பெரும்பாலான கூரைகள் பலகையின் மேல் ஒட்டப்பட்ட ரப்பர் அல்லது பிளாஸ்டிக் விரிப்பு கொண்டவை. இபிடிஎம், டிபிஓ, பிவிசி என்று வகைகள் உண்டு. அந்த விரிப்புக்கு 12 ஆண்டுகளோ அதற்கு மேலோ உத்தரவாதம் தருவார்கள். வாங்குபவர் அந்த எண்ணைப் பார்த்து நிம்மதியடைகிறார். ஆனால் விரிப்பின் நடுப்பகுதி ஒழுகுவது அரிது. புகைபோக்கி, காற்றாடி, ஏசி, ஏணியின் கால்கள் என்று விரிப்பைத் துளைத்துப் பொருத்திய ஒவ்வோர் இடத்திலும் பூசியிருக்கும் சீலன்ட்தான் வெயிலில் வெடித்து நீரை உள்ளே விடுகிறது. சீலன்ட் பராமரிப்பு முழுக்க உரிமையாளரின் பொறுப்பு என்று உத்தரவாதப் பத்திரத்தில் எழுதியிருப்பார்கள். 3 மாதங்களுக்கு ஒருமுறை மேலே ஏறிப் பார்க்கும்படி கையேடுகள் சொல்வது வெறும் சடங்கு அல்ல.

எங்கள் முதல் டிரெய்லர் 7 ஆண்டுகள் பழையது. முன்பக்க மூலையில் மேலே இருந்த சிறு விளக்கின் திருகாணி வழியாக நீர் இறங்கிக்கொண்டிருந்ததை நாங்கள் கவனிக்கவில்லை. ஒரு நாள் கட்டிலுக்கடியில் பெட்டியைத் தள்ளியபோது தரை பஞ்சுபோல் அமுங்கியது. உள்தாளைக் கிழித்துப் பார்த்தால் சட்டம் கையோடு பிய்ந்து வந்தது, ஓத வாடை குப்பென்று அடித்தது. பழுதுபார்க்கக் கேட்ட தொகை, நாங்கள் வண்டிக்குக் கொடுத்த விலையில் பாதிக்கு மேல். உரிய காலத்தில் ஒரு குழாய் சீலன்ட் பூசியிருந்தால் போதுமாயிருந்தது என்பதை நினைத்தால் இன்றும் மனம் ஆறவில்லை.

கடையில் பார்க்கும்போது ஏணி இருக்கிறதா, கூரை ஆள் ஏறி நடக்கத் தாங்குமா என்று கேளுங்கள். நீர் தேங்காமல் வழியும்படி நடுவில் சற்று உயர்ந்திருப்பது நல்லது. ஓரத்தில் மழைநீர் விழும் தூம்பு சுவரைவிட்டு வெளியே நீண்டிருக்க வேண்டும்; குட்டையாக இருந்தால் நீர் சுவரிலேயே வழிந்து சன்னல்களுக்குள் போகும். பழைய வண்டியின் கூரையில் யாராவது சாதாரண சிலிக்கோனைப் பூசியிருந்தால் விலையைக் குறைத்துக் கேளுங்கள், ஏனென்றால் அதை முழுதாகச் சுரண்டி எடுக்காமல் அதன்மேல் வேறு எந்த சீலன்டும் ஒட்டாது.

கூட்டு இல்லாத ஃபைபர்கிளாஸ் வார்ப்பு வண்டிகளும் ஏர்ஸ்ட்ரீமும் கொடுக்கும் விலைக்குத் தகுமா?

ஸ்கேம்ப், கசீட்டா, ஆலிவர் போன்றவை படகு செய்யும் முறையில் 2 பெரிய ஓடுகளாக வார்த்து முட்டை மாதிரி ஒன்றாகப் பொருத்தப்படுபவை. கூரைக்கும் சுவருக்கும் இடையே இணைப்பே கிடையாது. ஆகவே ஒழுகக்கூடிய இடங்கள் சன்னல், காற்றாடி போன்ற சிலவே. 20 ஆண்டுகள் பழைய வண்டிகளுக்கும் நல்ல மறுவிற்பனை விலை கிடைக்கிறது. இடம் சிறியது என்பதே பெரிய குறை. இருவருக்கு மிகப் பொருத்தம். 2 பிள்ளைகளும் பாட்டியும் உடன் வந்தால் மழைநாளில் திண்டாட்டம்.

ஒஹாயோவின் ஜாக்சன் சென்டரில் செய்யப்படும் ஏர்ஸ்ட்ரீம் அலுமினியத் தகடுகளை ரிவெட் அடித்துக் கட்டப்படுவது. அதன் மிகச் சிறிய மாதிரிகளே 50,000 டாலரை ஒட்டியோ தாண்டியோ இருக்கும். பழைய ஏர்ஸ்ட்ரீமின் வெளிக்கூட்டை மட்டும் வைத்துக்கொண்டு முழுதாகப் புதுப்பிக்க முடியும் என்பது அதன் உண்மையான பலம். ஆனால் அதிலும் ரிவெட் இடுக்குகளில் கசிவு உண்டு, பழைய மாதிரிகளில் பிளைவுட் தரை உளுத்திருப்பது சாதாரணம், ஆலங்கட்டி மழையில் தகடு குழியும். விலை கொடுத்துவிட்டோம் என்று கூரையை மறந்துவிடக் கூடாது.

எந்த பிராண்டு நம்பகமானது?

பிராண்டுகள் நூற்றுக்கணக்கில் தோன்றினாலும் அவற்றில் பெரும்பாலானவை 3 குழுமங்களைச் சேர்ந்தவை. கீஸ்டோன், ஜேக்கோ, ஹார்ட்லேண்ட், ஏர்ஸ்ட்ரீம் எல்லாம் தோர் குழுமத்தினுடையவை. ஃபாரஸ்ட் ரிவர் 2005 முதல் வாரன் பஃபெட்டின் பெர்க்‌ஷயர் ஹாத்தவேக்குச் சொந்தம். கிராண்ட் டிசைனை வின்னபேகோ 2016இல் வாங்கியது. அடிச்சட்டம், அச்சு, குளிர்பெட்டி, நீர்சூடேற்றி ஆகியவற்றை எல்லாரும் ஒரே சில நிறுவனங்களிடமிருந்துதான் வாங்குகிறார்கள். ராக்வுட், ஃபிளாக்ஸ்டாஃப் ஆகிய இரண்டும் பெயரும் வண்ணமும் தவிர ஏறத்தாழ ஒரே வண்டிகள். சேலம், வைல்ட்வுட் ஆகியவையும் அப்படியே. இப்படிப்பட்ட இரட்டைகளில் எந்த விற்பனையாளர் குறைத்துத் தருகிறாரோ அதை வாங்கலாம். மற்றபடி, பிராண்டைவிடக் குறிப்பிட்ட மாதிரியும், அதைவிடக் கண்முன் நிற்கும் அந்த ஒரே வண்டியும்தான் முக்கியம்.

அச்சு, டயர் பற்றி விற்பனையாளர் எதுவும் சொல்லவில்லை. நானாகக் கேட்க வேண்டுமா?

கட்டாயம் கேட்க வேண்டும். விலையைக் குறைக்கத் தயாரிப்பாளர்கள் மிகுதியாகக் கைவைப்பது இங்கேதான். ஓர் எடுத்துக்காட்டு: முழுச் சுமையோடு 7,600 பவுண்டு வரை அனுமதிக்கப்பட்ட வண்டிக்கு 3,500 பவுண்டு தாங்கும் அச்சுகள் இரண்டு, ஆக மொத்தம் 7,000 பவுண்டு. மீதி 600 பவுண்டை இழுக்கும் வாகனத்தின் கொக்கி தாங்கிக்கொள்ளும் என்று கணக்குப் போட்டிருப்பார்கள். கணக்கு சரிதான், சட்டப்படியும் தவறில்லை. ஆனால் கூடுதல் தாங்கு திறன் என்று எதுவும் மிச்சமில்லை. நெடுஞ்சாலையில் ஒரு பெரிய குழியில் இறங்கினால் அச்சு வளையும், டயர் ஒரு பக்கமாகத் தேயும். அதே அளவு வண்டியில் அடுத்த நிலை அச்சைத் தரும் தயாரிப்பாளர் சில நூறு டாலர் கூடுதலாகக் கேட்டால் யோசிக்காமல் கொடுக்கலாம்.

டயர் வெடித்தால் டயரோடு போவதில்லை. கிழிந்த ரப்பர் சுழன்று சக்கரத்துக்கு மேலுள்ள தரையையும் குழாய்களையும் பிய்த்துவிடும். பக்கவாட்டில் பொறித்திருக்கும் 4 இலக்கங்களைப் படியுங்கள். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆம் வாரம் செய்யப்பட்டது என்று பொருள். பட்டை புதிதுபோல் இருந்தாலும் 5 முதல் 7 ஆண்டுகளுக்குள் மாற்றிவிட வேண்டும். தாங்கு வகுப்பு சி என்று இருந்தால், சக்கர வளையம் இடம்கொடுக்குமானால் அதைவிட அதிகச் சுமை தாங்கும் டி வகுப்புக்கு மாறுவது நான் பரிந்துரைக்கும் முதல் செலவு. வேறு வேகம் குறிக்கப்படாத டிரெய்லர் டயர்கள் பல, மணிக்கு 65 மைலுக்கு மேல் ஓட்டுவதற்கானவை அல்ல. பேரிங்குகளுக்கு ஆண்டுக்கு ஒருமுறை கிரீஸ் மாற்றுவதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

விளம்பரத்தில் எடை 5,200 பவுண்டு என்றும் என் எஸ்யூவி 7,000 பவுண்டு இழுக்கும் என்றும் இருக்கிறது. போதாதா?

பெரும்பாலும் போதாது. 5,200 என்பது வெற்று எடை. நீரும் பொருள்களும் அதில் சேராது. நீர் ஒரு கேலனுக்கு 8.3 பவுண்டு, ஆக 50 கேலன் தொட்டி நிறைந்தால் மட்டுமே 415 பவுண்டு. அனுமதிக்கப்பட்ட முழு எடை 6,800 என்று வைத்துக்கொள்வோம். அதில் 10 முதல் 15 விழுக்காடு கொக்கியின் மேல் இறங்க வேண்டும், இல்லையேல் வண்டி பாம்புபோல் ஆடும். 12 விழுக்காடு என்றால் 816 பவுண்டு. குடும்பத்தினர் நால்வர் 600, கொக்கிக் கருவி 80 என்று கூட்டினால் ஏறத்தாழ 1,500 பவுண்டு வருகிறது. ஓட்டுநர் கதவோரத்தில் ஒட்டியிருக்கும் தாளில், பயணிகளும் சுமையும் சேர்ந்து எவ்வளவு ஏற்றலாம் என்று எழுதியிருக்கும். பல எஸ்யூவிகளில் அது 1,500ஐவிடக் குறைவு. இழுவைத் திறனுக்கு முன்பே இந்த எண்தான் முட்டும். டிரெய்லருக்கும் இதேபோல் மஞ்சள் தாள் ஒன்று உண்டு. டிரெய்லருக்காக டிரக் மாற்ற நேர்ந்தால், அந்த விலையும் டிரெய்லரின் விலைதான்.

வெளியே நீளும் அறை வேண்டுமா?

பொத்தானை அழுத்தினால் சுவரின் ஒரு பகுதி 2, 3 அடி வெளியே நகர்ந்து உள்ளே கூடம்போல் இடம் கிடைக்கும். பிள்ளைகள் உள்ள குடும்பத்துக்கு அது பெரிய வரம். ஆனால் சுவரில் பெரிய திறப்பு, சுற்றிலும் ரப்பர், அடியில் மோட்டார், சில நூறு பவுண்டு கூடுதல் எடை என்று பழுதாகும் இடங்களும் கூடுகின்றன. அளவான வண்டியில் ஒன்றுக்கு மேல் வேண்டாம் என்பேன். பழைய வண்டியில் அந்த அறையின் தரை மூலைகளை விரலால் அழுத்திப் பாருங்கள்.

நான்கு பருவங்களுக்கும் ஏற்றது என்று எழுதியிருந்தால் பனிக்காலத்தில் தங்கலாமா?

அந்தச் சொல்லுக்குத் தொழில்துறை முழுவதும் ஒத்துக்கொண்ட அளவுகோல் எதுவும் இல்லை. தொட்டிகள் மூடப்பட்டுச் சூடான காற்று அங்கே செல்கிறதா, சன்னல் இரட்டைக் கண்ணாடியா என்று தனித்தனியே கேட்க வேண்டும்.

ஆர்வி எனப்படும் இத்தகைய வண்டிகளின் தொழில்துறைச் சங்கமான ஆர்விஐஏவின் முத்திரை இருந்தால் தரம் உறுதிதானே?

கதவருகே ஒட்டப்படும் அந்த முத்திரை, மின்சாரம், வாயு, குழாய், தீப்பாதுகாப்பு ஆகியவற்றின் விதிகளைப் பின்பற்றுவதாகத் தயாரிப்பாளர் உறுதியளிப்பதைக் குறிக்கிறது. அது தேவையானதே. ஆனால் அலமாரிக் கதவு நேராக இருக்கிறதா, கூரை ஒழுகாதா என்பதற்கும் அதற்கும் தொடர்பு இல்லை.

புது வண்டியின் வாடை உடம்புக்குத் தீங்கா?

2005இல் கத்ரீனா புயலுக்குப்பின் வீடிழந்தோருக்கு அரசு கொடுத்த டிரெய்லர்களில் பலருக்குக் கண்ணெரிச்சலும் மூச்சுத் தொல்லையும் வந்தன. நோய்த்தடுப்பு மையமான சிடிசி 519 வண்டிகளைச் சோதித்து, மரப்பலகைப் பசையிலிருந்து வெளியேறும் ஃபார்மால்டிஹைடு அளவுக்கு மிஞ்சி இருந்ததை 2008இல் வெளியிட்டது. 2010இல் இதற்கென்று கூட்டாட்சிச் சட்டம் வந்தது. இப்போதைய பலகைகள் அந்த வரம்புக்கு உட்பட்டவை. எனினும் முதல் கோடையில் சன்னல்களைத் திறந்து நன்றாகக் காற்றாட விடுங்கள். கைக்குழந்தையோ ஆஸ்துமாக்காரரோ இருந்தால் ஓராண்டு பழைய வண்டி மேல்.

நம் சமையலுக்கு இந்த வண்டிகள் தாங்குமா?

தாங்கும், சில ஏற்பாடுகளோடு. இட்லி ஆவியும் குக்கர் ஆவியும் சிறிய இடத்தில் சுவரிலும் சன்னலிலும் வியர்த்து, திரைச்சீலைக்குப் பின்னால் பூசணம் பிடிக்கும். அடுப்புக்கு மேலுள்ள காற்றாடி வெளியே தள்ளுகிறதா, வடிகட்டி வழியே உள்ளேயே சுற்றிவிடுகிறதா என்று கை வைத்துப் பாருங்கள். தாளிப்பதை நாங்கள் வெளியே தனி அடுப்பில் வைத்துக்கொண்டோம். 30 ஆம்பியர் இணைப்புள்ள வண்டியில் மொத்தம் 3,600 வாட் மட்டுமே. ஏசியும் மின்சாரக் குக்கரும் மைக்ரோவேவும் ஒன்றாக ஓடாது.

புதிதா, பழையதா?

புது வண்டி முதல் ஆண்டிலேயே விலையில் ஐந்திலொரு பங்கு அளவுக்கு இழப்பது வழக்கம். முதல் ஆண்டின் தொழிற்சாலைக் குறைகளை முன்னவர் சரிசெய்து முடித்திருக்கும் 2, 3 ஆண்டு பழைய வண்டி, கூரையின் கீழோ மூடிய கொட்டகையிலோ நிறுத்தப்பட்டிருந்தால், என் பார்வையில் அதுவே சிறந்த பேரம். எங்கள் இரண்டாவது டிரெய்லர் அப்படிப்பட்டதுதான். ஈரமானி ஒன்றை எடுத்துக்கொண்டு போய் மூலைகள், சன்னலடி, கட்டிலடி, கூரை ஓரம் எல்லாவற்றையும் தொட்டுப் பாருங்கள். ஓரிடம் மட்டும் மற்றவற்றைவிட அதிகம் காட்டினால் அங்கே நீர் இருக்கிறது. தொகை பெரிதென்றால் தேசிய ஆர்வி பரிசோதகர் சங்கத்தின் சான்று பெற்ற ஒருவரை அமர்த்துங்கள். பரிசோதிக்க அனுமதிக்காத விற்பனையாளரிடமிருந்து எழுந்து வந்துவிடுங்கள்.

உத்தரவாதம் எவ்வளவு பயன்படும்?

பெரும்பாலோர் ஓராண்டு தருகிறார்கள். ஜேக்கோ 2, ஏர்ஸ்ட்ரீம் 3. குளிர்பெட்டிக்கும் அச்சுக்கும் அவற்றைச் செய்தவர்களிடம் தனியே போக வேண்டும். வேலை செய்பவர் உள்ளூர் விற்பனையாளர். பலர் தம்மிடம் வாங்கியவர்களுக்கே முன்னுரிமை தருவதால், 500 மைல் தொலைவில் 1,500 டாலர் மிச்சப்படுத்தி வாங்கியவர் கோடை முழுவதும் காத்திருக்க நேரலாம். திரும்பத் திரும்பப் பழுதாகும் புது வண்டியை வாங்கியவரைக் காக்கும் பல மாநிலங்களின் குறைவண்டிச் சட்டங்கள் இழுவை டிரெய்லர்களுக்குப் பொருந்துவதில்லை. 1975ஆம் ஆண்டின் மேக்னுசன் மாஸ் என்னும் கூட்டாட்சி உத்தரவாதச் சட்டம் மட்டும் துணைக்கு இருக்கிறது. ஆகவே ஒவ்வொரு குறையையும் தேதியிட்டு, படத்தோடு, மின்னஞ்சலில் தெரிவியுங்கள்.

மாதத் தவணை குறைவாகத்தான் இருக்கிறது. நீண்ட காலக் கடன் வாங்கலாமா?

35,000 டாலரை 8 விழுக்காடு வட்டியில் 15 ஆண்டுகளுக்கு வாங்கினால் தவணை மாதம் 334 டாலர்தான். ஆனால் மொத்தம் கட்டுவது 60,000 டாலருக்கு மேல். 5 ஆண்டுகள் கட்டிய பிறகும் கடன் ஏறத்தாழ 27,500 டாலர் நிற்கும். அந்த வயது வண்டிக்கு அவ்வளவு விலை கிடைப்பது அரிது. விற்கவும் முடியாமல் வைத்துக்கொள்ளவும் மனமில்லாமல் தவித்த 2 குடும்பங்களை நான் நேரில் அறிவேன். தவணையைக் கேட்டு முடிவெடுக்காதீர்கள்.

எங்களிடம் 30,000 டாலர் இருக்கிறது. எங்கே குறைக்கலாம், எங்கே கூடாது?

நீளத்தைக் குறையுங்கள். 28 அடிக்குப் பதில் 23 அடி எடுத்தால் அதே பணத்தில் நல்ல சுவரும் அச்சும் கிடைக்கும். தொலைக்காட்சி, வெளிச்சமையலறை, மின்சாரக் கணப்பு இல்லாத மாதிரியைத் தேடுங்கள். மெத்தை எப்படியும் மாற்ற வேண்டியிருக்கும், அதை வைத்து வண்டியை மதிப்பிட வேண்டாம். 30,000இல் 27,000ஐ வண்டிக்கும் வரிக்கும் வைத்து, மீதியை டயர், பரிசோதகர், சுமைபகிர் கொக்கி, முதல் ஆண்டு சீலன்ட் என்று ஒதுக்குங்கள்.

எந்தப் பருவத்தில் வாங்கினால் மலிவு?

அக்டோபர் முதல் பிப்ரவரி வரை விற்பனையாளர்கள் இறங்கி வருவார்கள். ஆனால் வட மாநிலங்களில் அப்போது கூரையில் பனி மூடியிருக்கும், குழாய்களில் உறைதடுப்பு நீர் நிரப்பியிருப்பார்கள். முக்கியமான இரண்டையும் சோதிக்க முடியாது. பனியை அகற்றிக் காட்டவும், உறைதடுப்பு நீரை வெளியேற்றிவிட்டுத் தண்ணீர் விட்டுக் குழாய்களையும் நீர்சூடேற்றியையும் ஓட்டிக் காட்டவும் சொல்லுங்கள். அது இயலாதென்றால், ஏப்ரலில் அந்தச் சோதனை முடிந்த பிறகே மீதிப் பணம் என்று ஒப்பந்தத்தில் எழுதி வாங்கிக்கொண்டு முன்பணம் மட்டும் கொடுங்கள்.